கவர் என்று ஒதுக்காதீர்கள்: ஓட்டிஸ் ரெடிங்கின் ‘ஓட்டிஸ் ப்ளூ’

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு ஆல்பம்தான். அமெரிக்க சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் பாடிய ‘ஓட்டிஸ் ப்ளூ’, 1965 செப்டம்பரில் வந்தது. மொத்தம் 11 பாட்டு, அதில் அவர் எழுதியது மூன்றுதான், அந்த மூன்றிலும் ஒன்று பாடகர் ஜெர்ரி பட்லரோடு சேர்ந்து எழுதியது. மற்ற எட்டும் கவர், அதாவது அடுத்தவர் பாட்டை எடுத்துத் தன் பாணியில் பாடியது. இதைச் சொன்னதுமே “அடுத்தவர் பாட்டுதானே” என்று நகர்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பிடித்து உட்கார வைக்கத்தான் இந்த வீடியோ.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் ஸ்டாக்ஸ் ரெக்கார்டு கம்பெனியின் ஸ்டுடியோ, பழைய சினிமா தியேட்டரை மாற்றிக் கட்டியது. அங்கே ஜூலை மாதம் கிட்டத்தட்ட ஒரே நாளில் இந்த ஆல்பத்தை முடித்திருக்கிறார்கள், நடுவில் இடைவேளை விட்டதுகூட வாத்தியக்காரர்கள் ராத்திரி கிளப்பில் வாசிக்கப் போக வேண்டியிருந்ததால்தான். ஓட்டிஸுக்கு அப்போது 23 வயது.

சரி, ‘சாட்டிஸ்ஃபாக்ஷன்’ பாட்டுக்கு வருவோம். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு அதை வெளியிட்டு சில வாரங்கள்தான் ஆகியிருந்தது, ஓட்டிஸ் அதைக் கேட்டதுகூட இல்லை, கிடாரிஸ்ட் ஸ்டீவ் க்ராப்பர்தான் இதைப் பாடலாம் என்று கொண்டு வந்தார். அந்தப் புகழ்பெற்ற கிடார் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்ன மெட்டை, இங்கே டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் வாசிக்கின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்த ரிஃபை உருவாக்கிய ரோலிங் ஸ்டோன்ஸ் கிடாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸே முதலில் அதை டிரம்பெட், சாக்ஸஃபோன் மாதிரி ஹார்ன்ஸுக்காகத்தான் நினைத்து வைத்திருந்தார்!

அப்புறம் சோல் பாடகர் சாம் குக். அவர் சுட்டுக் கொல்லப்பட்டு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது, அவருடைய பாட்டுகள் மூன்று இந்த ஆல்பத்தில் இருக்கின்றன. ‘எ சேஞ்ச் இஸ் கானா கம்’ பாட்டை குக் பாடும்போது பின்னால் பெரிய ஆர்கெஸ்ட்ரா, வயலின்கள், குரல் நிதானமாக மேலே மிதக்கும். ஓட்டிஸ் அப்படிப் பாட முயற்சிக்கவே இல்லை, வரிகளை உடைத்து, சில இடங்களை மாற்றி, கரகரத்த தொண்டையோடு பாடுகிறார், ஆல் ஜாக்சனின் டிரம்ஸ் அவரை அவசரப்படுத்தாமல் கூடவே வருகிறது. அஞ்சலி என்றால் இதுதான் அஞ்சலி என்பேன், குக்கைப் போலவே பாடிக் காட்டியிருந்தால் இந்த வலி வந்திருக்காது.

ஓட்டிஸ் எழுதிய ‘ரெஸ்பெக்ட்’ என்ன ஆனது என்று பாருங்கள். இங்கே அது வீட்டுக்கு வரும் ஆண் மரியாதை கேட்கிற பாட்டு. 1967-இல் பாடகி அரீதா ஃப்ராங்க்ளின் அதைப் பெண்ணின் குரலாகத் திருப்பி, அமெரிக்காவில் நம்பர் ஒன் ஆக்கிவிட்டார், இன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்கு அது அரீதா பாட்டு. கவர் என்றால் மட்டம் என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

இந்த ஆல்பத்தின் கவர்களில் ‘மை கேர்ள்’ மட்டும் எனக்கு டெம்ப்டேஷன்ஸ் குழு முதலில் பாடியதுதான் இன்னும் மேலே.

கேட்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஷஃபிளில் போடாதீர்கள். மூன்றாவது பாட்டில், அந்த ‘எ சேஞ்ச் இஸ் கானா கம்’ பாட்டில் தொடங்கி, ‘ஐவ் பீன் லவிங் யூ டூ லாங்’ முடியும் வரை நிறுத்தாமல் கேளுங்கள், ஹெட்ஃபோனில், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்து.