கண்மாய்ச் செய்தி போகிற வேகத்தில்

(மேலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதிக் கொடுக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். வாசலில் நிற்கிற அம்மாக்கள் உள்ளே வந்து உட்காருங்கள். பிள்ளைகள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தால் பாயில் இன்னும் இடம் இருக்கிறது.

பங்குனி பாதி ஆகிவிட்டது. நம்ம பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது, இனிமேல் ஊர் ஊராக மீன்பிடித் திருவிழாதான். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியும் முன்னாலேயே ஊத்தா, கச்சா, வலை, கூடை என்று கையில் கிடைத்ததோடு சனம் கரையைச் சுற்றி நிற்கும், ஊர்ப் பெரியவர் கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார், வீசின கை இறங்குவதற்குள் மொத்தக் கூட்டமும் தண்ணீருக்குள் இருக்கும். கொஞ்ச நேரத்தில் கண்மாயே சேறாகி, விராலும் கெண்டையும் கட்லாவும் கூடைக்கு வந்துவிடும். பிடித்ததை யாரும் விற்பதில்லை. அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன் குழம்புதான்.

இதில் என்னை ஒவ்வொரு வருடமும் ஆச்சரியப்படுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. எந்தக் கண்மாயில் எந்த நாள் மீன்பிடி என்கிற செய்தி சிங்கம்புணரி வரைக்கும், நத்தம் வரைக்கும் ஒரே ராத்திரியில் போய்விடுகிறது. யாரும் போஸ்டர் ஒட்டுவதில்லை. ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்கிறார், அவ்வளவுதான். அதே ஏப்ரல், மே மாதத்தில்தான் நம்ம பிள்ளைகள் படிப்புக்கும் விளையாட்டுக்கும் உதவித்தொகைக்கும் கதவு திறக்கிறது, அந்தச் செய்தி மட்டும் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போக மாட்டேன் என்கிறது. வீட்டில் ஒரு வாத்தியாரோ ஒரு அரசு ஊழியரோ இருந்தால் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற வீட்டில் கடைசி நாள் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். இன்றைக்கு நான் பேச வந்தது இதை மாற்றுவதற்குத்தான்.

முதலில் காகிதங்களைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதில்தான் போய் முட்டுகிறது. பிளஸ் டூ எழுதிய பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் நன்றாகக் கேளுங்கள். மே மாதம் ரிசல்ட் வரும். வந்த மறுநாளே இ-சேவை மையத்தில் வரிசை தெருவுக்கு வந்துவிடும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருமானச் சான்று வேண்டும், இருப்பிடச் சான்று வேண்டும், முதல் பட்டதாரிச் சான்று வேண்டும். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேசை மேசையாகப் போய்த்தான் வர வேண்டும், நடுவில் சர்வர் படுத்துவிட்டால் அன்றைய பொழுது போச்சு. இதையே இப்போது, கூட்டம் இல்லாத ஏப்ரலில் செய்யலாம். ஒரு சான்றுக்கு 60 ரூபாய்தான். வருமானச் சான்று ஒரு வருடத்துக்குச் செல்லும், அதனால் சீக்கிரம் எடுத்துவிட்டோமே என்று கவலைப்பட வேண்டாம்.

அதிலும் முதல் பட்டதாரிச் சான்றை நம்ம ஆட்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குடும்பத்தில் இதுவரை ஒருத்தரும் பட்டம் வாங்கவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு அந்தச் சான்று கிடைக்கும், பொறியியல் கலந்தாய்வில் போகிறபோது கல்விக் கட்டணத்தில் சலுகை வரும். எங்கள் தெருவில் ஒரு பெண் நல்ல மார்க் எடுத்தாள். அவளுடைய அப்பாவுக்கு இப்படி ஒரு சான்று இருப்பதே தெரியாது, முதல் வருடம் முழுக் கட்டணத்துக்கும் நகையை அடகு வைத்தார். அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்ல அந்தத் தெருவில் ஓர் ஆள் இல்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

இன்னொன்று, பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பள்ளிப் பதிவில் பின்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியலே இருக்காது. பார்க்கச் சின்ன விஷயம். உதவித்தொகை வரும்போது கணக்கில் ஏறாமல் திரும்பிப் போவது இதனால்தான். பத்தாம் வகுப்புக்குப் போகப்போகிற பிள்ளைகளின் பெற்றோர் இப்போதே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெயரும் பிறந்த தேதியும் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். மார்க் ஷீட் அச்சாகி வந்தபிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு, கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் வருகிறது, புதுமைப்பெண் திட்டம். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு அதே மாதிரி தமிழ்ப்புதல்வன், 2024 ஆகஸ்டில் வந்தது. மருத்துவத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்தது, அடுத்த வருடம் பொறியியல் மாதிரித் தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இதெல்லாம் யாரோ போடுகிற பிச்சை இல்லை, உங்கள் பிள்ளைக்கு உரியது. கேட்டு வாங்குவதில் கூச்சமே வேண்டாம்.

கல்லூரி என்றதும் மதுரை, கோயம்புத்தூர் என்று ஓட வேண்டியதில்லை. நம்ம மேலூரிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளுக்கெல்லாம் ஆன்லைனில் ஒரே இடத்தில்தான் விண்ணப்பம். படிப்பில் மனம் ஒட்டாத பையனைத் திட்டித் திட்டி ஏதோ ஒரு பட்டப்படிப்பில் தள்ளுவதைவிட, கோ.புதூர் அரசு ஐ.டி.ஐ.க்கு ஒரு நாள் கூட்டிப் போய் அங்கே என்னென்ன தொழில் சொல்லித் தருகிறார்கள் என்று காட்டுங்கள். அவனே முடிவு எடுக்கட்டும். வெல்டிங் நன்றாகத் தெரிந்த பையன் வீட்டைத் தாங்குகிறான், நாம் எல்லாரும் கண்ணால் பார்க்கிறோம்.

ஏழாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளே, நீங்கள் தூங்காதீர்கள், இது உங்களுக்கு. எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு வரும், தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தேர்வு. பெயர்தான் நீளம். எல்லாரும் என்.எம்.எம்.எஸ். என்றே சொல்வார்கள். அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் படிப்பவர்கள் எழுதலாம், குடும்ப வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். நான்கு வருடத்தையும் கூட்டிப் பாருங்கள், 48,000! இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி. ஒன்று பாடத்திலிருந்து, இன்னொன்று யோசிக்கிற கேள்வி: எண் தொடர், படத்தில் விட்டுப்போனது எது, இந்த மாதிரி. இந்த இரண்டாவது தாளுக்குப் பயிற்சிதான் வேண்டும், பெரிய படிப்பு வேண்டாம். லீவில் தினம் அரைமணி நேரம் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் டிசம்பருக்குள் பழகிவிடும். இந்த நூலகத்தின் மேசையிலேயே உட்காரலாமே.

நூலகம் என்று சொன்னதால் ஒன்று சொல்ல ஆசை. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்கிறவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பினார். அதைத் தொடங்கிவைத்தவர் சீர்காழிக்காரர், எஸ்.ஆர்.ரங்கநாதன், இந்திய நூலகத் துறையே அவரைத்தான் தந்தை என்று சொல்கிறது. அவர் பாடுபட்டதால் 1948இல் இங்கே பொது நூலகச் சட்டம் வந்தது. நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறீர்கள், ரசீதை எடுத்துப் பாருங்கள், இருக்கும். உள்ளே வராமல் இருந்தால் நஷ்டம் நமக்குத்தான். லீவில் பிள்ளைகளை ஒரு நாள் மதுரைக்கு, புது நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். 2023 ஜூலையில் திறந்தது. சிறுவர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, டிக்கெட் எதுவும் இல்லை. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனால் பஸ் காசு மட்டும்தான் செலவு.

அப்படியே இன்னொரு நாள் கீழடி. அருங்காட்சியகம் 2023 மார்ச்சிலிருந்து இருக்கிறது. அங்கே பானை ஓட்டில் கீறிய பெயர்களை வைத்திருக்கிறார்கள், ‘ஆதன்’ என்று ஒன்று, ‘குவிரன்’ என்று ஒன்று, தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில். பிள்ளையை அந்த ஓட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் ஒன்றும் பேசாதீர்கள். ராஜாவும் இல்லை மந்திரியும் இல்லை, வீட்டில் பானை வைத்திருந்த ஒரு சாதாரண மனிதன் தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறான் என்பது அந்தப் பிள்ளைக்குள் தானாக இறங்கும். நம்ம அரிட்டாபட்டி மலையையும் விட்டுவிடாதீர்கள், அங்கேயும் தமிழி கல்வெட்டு இருக்கிறது, பாண்டியர் காலத்தில் பாறையைக் குடைந்து செய்த கோயில் இருக்கிறது, வல்லூறும் கழுகும் வட்டமடிக்கிற பாறைகள் இருக்கின்றன. வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு வந்துவிட வேண்டும்.

விளையாட்டுக்கும் இதுதான் நேரம். பரீட்சை முடிகிற சமயத்தில் மாவட்ட விளையாட்டு அரங்குகளில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடைகாலப் பயிற்சி முகாம் நடத்தும். நமக்கு மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானம். தடகளம், கபடி, வாலிபால் என்று பயிற்சியாளர் வைத்துச் சொல்லித் தருவார்கள். விளையாட்டு விடுதிக்கான தேர்வும் கோடையை ஒட்டித்தான் நடக்கும், அதில் எடுத்துவிட்டால் தங்க இடம், சாப்பாடு, பயிற்சி, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வெறுங்காலில் ஓடுகிற பெண் பிள்ளைகள் நம்ம ஊர்களில் எத்தனை பேர்! ‘வயசுக்கு வந்த பிள்ளை, மைதானத்துக்கு எதுக்கு’ என்று நிறுத்திவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

லீவில் பிள்ளைகள் கிணற்றுக்கும் கண்மாய்க்கும் போகத்தான் செய்வார்கள். மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருத்தர் கூட இல்லாமல் அனுப்பாதீர்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்கப் போகிறவர்களும் சின்னப் பிள்ளைகள் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள், அந்தக் கூட்டத்தில் கை விட்டுப் போனால் தேடுவது ரொம்பக் கஷ்டம்.

கடைசியாக மே 1. அன்றைக்குக் கிராம சபை. வருடத்துக்கு ஆறு தடவை நடக்கிறது, பெரும்பாலும் பத்து ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதோடு முடிகிறது. அது வெறும் சடங்கு என்று யாராவது சொன்னால் அரிட்டாபட்டியைக் காட்டுங்கள். டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் 2024 நவம்பரில் நம்ம பக்கத்துக் கிராம சபைகள் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டமன்றம் போட்டது, ஜனவரியில் சனம் மதுரைக்கு நடந்தே போனது, அந்த மாதமே ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மலையையே காப்பாற்றிய சபை அது. அங்கே போய், பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, சாயங்கால பஸ் இல்லாததால் பிள்ளைகள் டியூஷன் விட்டு இருட்டில் நடந்து வருகிறார்கள், நூலகத்துக்குக் கூரை ஒழுகுகிறது என்று கேட்கக் கூடாதா? அம்மாக்கள் போங்கள். போய் எழுந்து நின்று பேசுங்கள், பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், ஓட்டு இல்லாவிட்டாலும் உட்கார்ந்து கேட்கட்டும்.

சரி, பேச்சு போதும், வேலையைப் பார்ப்போம். தெருவுக்கு ஒருத்தர் வேண்டும். போன் வைத்திருக்கிற, எழுதப் படிக்கத் தெரிந்த, கூச்சப்படாமல் நாலு வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒருத்தர். காலேஜ் படிக்கிற பிள்ளைகள் முன்னால் வந்தால் இன்னும் நல்லது, நீங்கள் போன வருடம்தான் இதே வரிசையில் நின்றீர்கள், எந்தக் காகிதம் எங்கே சிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அதைத் திறந்தே பார்க்காத வீடுகளுக்குத்தான் நாம் போக வேண்டியிருக்கிறது. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், பெயரையும் தெருவையும் எழுதிவிட்டுப் போங்கள். பிளஸ் டூ எழுதிய பிள்ளை இருக்கிறவர்கள் வருகிற ஞாயிறு காலையில் ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளையின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், மூன்றையும் ஜெராக்ஸோடு எடுத்துக்கொண்டு இங்கேயே வாருங்கள். எந்தெந்தச் சான்று வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்து எழுதித் தருகிறோம்.