கேட்டுட்டு எடுங்க: மட்டக்களப்பு பட்டிமன்றத்தில நான் பேசினது

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், படுவான்கரையில இருந்து இவ்வளவு தூரம் வந்து இரிக்கிற எங்கட சனத்துக்கும் வணக்கம்.

தெருவில வாழ்ற, வறுமைப்பட்ட மனிசர படம் எடுக்கப்போனா அனுமதி கேட்டே ஆகணுமா, கேக்காம எடுத்தாத்தான் உண்மை வெளிய வருமா, இதுதான் தலைப்பு. கேட்டே ஆகணும் எண்டு பேசத்தான் நான் வந்திரிக்கன்.

எதிரணித் தலைவர் நல்லாத்தான் பேசினார். கேட்டா முகம் மாறிரும், போஸ் குடுப்பாங்க, இயல்பு போயிரும் எண்டார், மறுகா 1936ல கலிபோர்னியாவில டொரதியா லாங் எண்டுற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் எடுத்த, புள்ளைகளோட இரிக்கிற ஒரு ஏழைத் தாய்ட படத்த சொன்னார், அந்தப் படத்தாலதான் பட்டினி கிடந்த அந்தக் கூலித் தொழிலாளர் முகாமுக்கு 20,000 இறாத்தல் சாப்பாட்ட அரசாங்கம் அனுப்பிச்சு எண்டார். ஓம், அனுப்பினதுதான், நான் மறுக்கல்ல. ஆனா ஐயா, அவர் பாதியில விட்ட கதைய நான் சொல்லி முடிக்கணும். அந்தச் சாப்பாடு வாறதுக்குள்ள அந்தத் தாய் புள்ளைகளயும் கூட்டிக்கிட்டு வேற இடம் போயிட்டா. அவட பேரக்கூட லாங் கேக்கல்ல. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் எண்டுற பேர் உலகத்துக்குத் தெரிய வந்தது 1978ல, 42 வருசம் கழிச்சு. அப்ப அவ என்ன சொன்னா தெரியுமா, இந்தப் படத்த எடுக்காமலே இருந்திருக்கலாம், இதால எனக்கு ஒரு சதமும் கிடைக்கல்ல எண்டு சொன்னா. அவ்வளவு புகழ்பெற்ற படத்துக்கே இந்தக் கதியெண்டா நம்மட ஊர்ல போன்ல எடுத்து அடுத்த நிமிசம் பேஸ்புக்ல போடுற படத்துக்கு என்ன கதி?

மாரி வெள்ளம் வந்தா நம்மட பக்கம் என்ன நடக்குது எண்டு இந்த மண்டபத்தில எல்லாருக்கும் தெரியும். உலருணவுப் பொதி ஒண்டு, அதப் புடிக்க நாலஞ்சு கை, பின்னால பெனர். ஒரு பெத்தா வாறா, ஒரு கையால பொதிய வாங்கிறா, மத்தக் கையால ஈரச்சீலத் தலைப்ப இழுத்துத் தோள மூடப் பாக்கிறா, அதுக்குள்ள "பெத்தா சாமானக் கொஞ்சம் உயத்திப் புடிங்க, இஞ்ச பாருங்க" எண்டு சத்தம் வருது, அவ தலைப்ப விட்டுட்டு ரெண்டு கையாலயும் பொதியத் தூக்கிறா. அந்தத் தலைப்ப விட்ட செக்கன்தான் எனக்கு இந்தத் தலைப்பே. அவட பேரன் கொழும்புல கடையில வேல செய்யலாம், பேத்தி கெம்பஸ்ல படிக்கலாம், அந்தப் படம் அவங்கட போனுக்கும் போகும்தானே.

இப்ப எதிரணி கேக்கும், அவ வேணாமெண்டு சொல்லல்லையே எண்டு. எப்பிடி ஐயா சொல்லுவா? அரிசியும் பருப்பும் உங்கட கையில இரிக்கிற மட்டும் அவ சொல்ற ஓம் அவட ஓம் இல்ல. அதால கேக்கிறதுக்கு ஒரு நேரமிரிக்கு. முதல்ல குடுங்க, குடுத்துட்டுப் போங்க. படம் வேணுமெண்டா இன்னொரு நாள் வெறுங்கையோட வந்து இரிந்து கதைச்சுட்டுக் கேளுங்க, அப்பவும் அவ ஓமெண்டா எடுங்க, எடுத்தத அவவுக்குக் காட்டுங்க, எங்க போடப்போறீங்க எண்டும் சொல்லுங்க. டொனருக்குக் கணக்குக் காட்டணும் எண்டா பில் இரிக்கு, கையெழுத்து இரிக்கு, சாமான அடுக்கி வெச்சுப் படம் எடுங்க, முகம் என்னத்துக்கு?

ரோட்டுல இரிக்கிறவர எடுக்க யாருட்டக் கேக்கணும், அது பொது இடம்தானே எண்டு எதிரணியில பேசின தங்கச்சி கேட்டா. நமக்குக் கதவு இரிக்கு தங்கச்சி, அதச் சாத்திட்டு அழலாம், உடுப்பு மாத்தலாம், நித்திரையில வாயப் பொளந்து கிடக்கலாம். அவருக்குக் கதவு இல்ல. கதவில்லாதவர்ட படுக்கையறைக்குள்ள கமராவோட போக நமக்கு யாரு உரிமை தந்தது? சட்டம் விடலாம், அதுக்காக அது சரியாகிருமா?

போஸ் குடுக்கிற விசயத்துக்கு வாறன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ராவில படுக்கிற ஒரு ஐயாட்ட, எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி பக்கத்தில இரிந்து தேத்தண்ணி குடிச்சுக் கதைச்சுட்டு, எடுக்கட்டா எண்டு கேட்டிரிக்கான். அவர் சொன்னது, "பொறு மனே, சேட்டப் போட்டுட்டு வாறன்." பைப்படியில கைய நனச்சுத் தலையத் தடவி, பட்டன எல்லாம் கழுத்து வரைக்கும் பூட்டிட்டு வந்து நிமிந்து இரிந்தாராம். எதிரணிக்கு இது பொய்ப்படம். எனக்கு இதுதான் அந்த மனிசன்ட படம். சேட்டில்லாம சுருண்டு கிடக்கிறதுதான் அவர்ட உண்மையெண்டு முடிவெடுக்க நாம யாரு? அந்தப் படத்திலயும் பின்னால விரிச்ச காட்போட் மட்டை தெரியுது, உரப்பையில கட்டின சாமான் தெரியுது, வறும ஒண்டும் ஒளியல்ல.

இது நம்மட அணி புதுசாக் கண்டுபுடிச்சதும் இல்ல. 1994லயே செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் அனர்த்த நிவாரணத்துக்கு ஒரு நடத்தைக் கோவை கொண்டு வந்தாங்க, பத்து விசயம், அதில பத்தாவது, விளம்பரத்தில பாதிக்கப்பட்டவங்கள கண்ணியமான மனிசராத்தான் காட்டணும், நம்பிக்கையத்துப்போன பொருளாக் காட்டக்கூடாது எண்டுறது. அது எழுதிப் பத்து வருசத்துக்குப் பிறகுதான் 2004 டிசம்பர் 26, நாவலடியிலயும் கல்முனையிலயும் கடல் எல்லாத்தையும் கொண்டு போன நாள். உடுத்த உடுப்போட நிண்ட சனம் நாம. படத்துக்குள்ள நிக்கிறவங்கட இடத்தில ஒருக்கா நிண்ட ஊரே இதக் கேக்காட்டி வேற யாரு கேப்பாங்க. வலக்கை குடுக்கிறது இடக்கைக்குத் தெரியக்கூடாது எண்டு நம்மட கோயிலடியிலயும் சொல்றாங்க, சேர்ச்சிலயும் சொல்றாங்க, பள்ளிவாசல்லயும் சொல்றாங்க.

மணி அடிச்சிட்டு. சின்னப் புள்ளைகள்ட படத்துக்கு யாருட்ட, எப்பிடிக் கேக்கிறது எண்டத எங்கட அணியில அடுத்துப் பேச வாற தம்பி சொல்லுவார், அதையும் கேட்டுட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க ஐயா. நன்றி, வணக்கம்.