தண்டவாளத்தில் சாய்ந்த சிங்காதனம்

நேயர்களுக்கு வணக்கம்.

ருஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலாஸ் 1917 மார்ச் 15 இரவு முடி துறந்தார். ப்ஸ்கோவ் ரயில் நிலையத்தில் நின்றிருந்த தம் ரயில் பெட்டிக்குள், பென்சிலால் கையெழுத்திட்டார். பேரரசர் ஏன் அங்கே வந்து நின்றார் என்று தேடிக்கொண்டு போனால், முதல் உலகப் போர் அந்த ஆட்சியை எந்த இடத்தில் அரித்தது என்பது தெரிந்துவிடும். நான் சொல்லும் தேதிகள் இன்றைய நாட்காட்டிப்படி. அன்றைய ருஷ்ய நாட்காட்டி 13 நாள் பின்தங்கியிருந்ததால் இது பிப்ரவரிப் புரட்சி எனப் பெயர் பெற்றது.

அரண்மனையில் செல்வாக்கு பெற்றிருந்த சாமியார் ரஸ்புதினின் கதையைத்தான் பலரும் விரும்பிக் கேட்பார்கள். எனக்கோ நிலக்கரி வண்டிகளின் கதை அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

போருக்கு முன்பு தலைநகர் பெத்ரோகிராதின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஆலைகள் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்த நிலக்கரியில் ஓடின. 1914இல் ஜெர்மனி பால்டிக் கடலை அடைத்தது. துருக்கி கருங்கடல் வாயிலை மூடியது. அன்றிலிருந்து தெற்கே தொன்பாஸ் சுரங்கத்து நிலக்கரி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ரயிலில் ஏறி வரவேண்டியதாயிற்று. அதே தண்டவாளத்தில்தான் படைக்கு ஆளும், குதிரையும், தீவனமும், குண்டும் போயின. 1915இல் போலந்தைப் பறிகொடுத்தபோது லட்சக்கணக்கான அகதிகளும் அதன்மேல் ஏறினார்கள். எஞ்சின் பழுதுபார்க்க வேண்டிய பட்டறைகள் வெடிகுண்டு செய்துகொண்டிருந்தன. பழுதான எஞ்சின் பழுதாகவே நின்றது.

நாட்டில் தானியம் இல்லாமலில்லை. தெற்கிலும் வோல்கா கரையிலும் மேற்குச் சைபீரியாவிலும் இருந்தது. ஏற்றுமதி நின்றதால் உள்நாட்டுக்கு மிஞ்சவே வேண்டும். ஆனால் விவசாயி விற்கவில்லை. அரசு தானியத்துக்கு விலை கட்டியது. அவர் வாங்கவேண்டிய ஆணி, துணி, மண்ணெண்ணெய்க்கு விலை ஏறிக்கொண்டே போனது, பல இடங்களில் சரக்கே கிடைக்கவில்லை. காகித ரூபிளை வாங்கி என்ன செய்வது? கால்நடைக்குப் போட்டார், குதிரில் பூட்டினார். அந்த ரூபிளும் கரைந்துகொண்டிருந்தது. வோட்கா விற்பனையை அரசே 1914இல் தடை செய்துகொண்டதால் வருவாயில் ஏறத்தாழ கால்பங்கு போயிற்று. பள்ளத்தை நோட்டடித்து நிரப்பினார்கள். புழக்கத்தில் இருந்த சுமார் 160 கோடி ரூபிள், 1917 தொடக்கத்தில் 900 கோடியைத் தாண்டியது.

1915 செப்டம்பரில் நிக்கோலாஸ் படைத்தலைமையைத் தாமே ஏற்று மொகிலெவ் நகரத் தலைமையகத்துக்குப் போனார். அமைச்சர்களில் பலர் வேண்டாம் என்று எழுதியே கொடுத்தார்கள். இனி ஒவ்வொரு தோல்வியும் மன்னர் கணக்கில் விழும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. தலைநகரில் மகாராணி அலெக்சாந்திராவின் சொல் ஓங்கியது. அடுத்த 18 மாதங்களில் நான்கு பிரதமர்கள். ரயிலையும் தானியத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிலையான கை இல்லாமல் போனது.

1917இன் கடுங்குளிரில் எஞ்சின் கொதிகலன்கள் வெடித்தன, வண்டிகள் பனியில் புதைந்தன. பெத்ரோகிராதில் மாவு வந்த ரொட்டிக்கடைக்கும் அடுப்பெரிக்க விறகு இல்லை. பங்கீட்டு அட்டை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், கையில் காசிருந்தவர்கள் இருந்ததையும் அள்ளிப்போனார்கள். விடியுமுன் வரிசையில் நின்று வெறுங்கையோடு ஆலைக்குப் போன பெண்கள், மார்ச் 8, மகளிர் தினத்தன்று விபோர்க் பகுதி நெசவாலைகளை விட்டு வெளியே வந்தார்கள். மன்னர் முந்தைய நாள்தான் மீண்டும் மொகிலெவுக்குக் கிளம்பியிருந்தார்.

மார்ச் 11இல் படை கூட்டத்தைச் சுட்டது. மறுநாள் காலை வொலின்ஸ்கி ரெஜிமெண்ட் கலகம் செய்தது. ரெஜிமெண்டின் பெயர் பழையது, ஆட்கள் புதியவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மன்னருக்காக உயிர்விடப் பழகிய பழைய காவற்படையினரில் பெரும்பகுதி போர்முனையில் மாண்டுவிட்டது. தலைநகரில் இருந்தவை புதிதாகப் பிடித்துவந்த விவசாயிகளும் காயம் ஆறியவர்களும் நிரம்பிய, போர்முனைக்குப் போக அஞ்சிய இருப்புப் பட்டாளங்கள். வரிசையில் நின்ற பெண்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள் மாதிரியே இருந்தார்கள்.

மார்ச் 13 விடியற்காலை மன்னர் ரயில் மொகிலெவை விட்டுப் புறப்பட்டது. அன்றே ருஷ்ய நாடாளுமன்றமான தூமாவின் சார்பில் அதன் உறுப்பினர் புப்லிகோவ் போக்குவரத்து அமைச்சகத்தைக் கைப்பற்றி, பழைய ஆட்சி விழுந்தது என்று எல்லா ரயில் நிலையங்களுக்கும் தந்தி அடித்தார். பெத்ரோகிராதை நெருங்கும் வழியில் மாலயா விஷேராவில் நள்ளிரவுக்குப் பின், முன்னே பாதை கலகக்காரர் கையில் என்ற செய்தி வந்தது. ரயிலைத் திருப்பி, வடக்குப் போர்முனையின் தலைமையகம் இருந்த ப்ஸ்கோவுக்கு ஓட்டினார்கள்.

அங்கே அவரைக் கைவிட்டவர்கள் தளபதிகள். தலைநகரில் உள்நாட்டுச் சண்டை மூண்டால் ரயில் நிற்கும், ரயில் நின்றால் படைக்கு உணவும் குண்டும் நிற்கும் என்று மன்னரின் கீழ் படைத் தலைமையகத்தை நடத்திய தளபதி அலெக்சேயெவ் கணக்குப் போட்டார். போர்முனைத் தளபதிகளைத் தந்தியில் கேட்டார். மன்னரின் சிற்றப்பா நிக்கோலாய் நிக்கோலாயெவிச், பிருசிலோவ் உட்பட எல்லோரும் விலகச் சொல்லியே பதில் அனுப்பினார்கள். நிக்கோலாஸ் தம்பி மிகயீலுக்கு முடியைக் கொடுத்தார். மிகயீல் மறுநாளே அதை ஏற்க மறுத்தார். 1613இல் தொடங்கிய ரொமானோவ் ஆட்சி அந்த மார்ச் 16ஆம் தேதியோடு நின்றது.