ஊர் எல்லைக்குள் ஓர் அணி

நண்பர்களே, விளையாட்டுக் கழகம் என்றதும் நமக்குச் சந்தா, சட்டை, கோப்பை இவைதான் ஞாபகம் வரும். அயர்லாந்தின் சிற்றூர்களில் கதையே வேறு. அங்கே ஒரு பங்குக்கு, அதாவது ஒரு கிறிஸ்தவ தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதிக்கு, ஒரு கழகம் என்பதுதான் பொது வழக்கம். பெரும்பாலும் எந்தப் பங்கில் வளர்ந்தாயோ அந்தப் பங்குக்கே ஆட வேண்டும்.

இந்தக் கழகங்களின் தாய்ச்சங்கமான கேலிக் தடகளச் சங்கம் (GAA) 1884 நவம்பர் 1-ஆம் தேதி, திப்பரரி மாவட்டம் தர்லஸ் ஊரில் ஒரு ஹோட்டலில் பிறந்தது. மைக்கேல் குசாக் கூட்டிய கூட்டம் அது. மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங், கையாலும் காலாலும் ஆடும் கேலிக் கால்பந்து ஆகிய உள்ளூர் ஆட்டங்களைக் காப்பாற்றுவதுதான் நோக்கம். இன்றைக்கு டப்ளினில் அந்தச் சங்கத்தின் குரோக் பார்க் மைதானம் 82,000 பேருக்கு மேல் கொள்ளும். அப்படி நிரம்பி வழியும் இறுதி ஆட்டத்தில் ஆடுகிறவருக்கும் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை அவர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவார், இல்லாவிட்டால் மாட்டுக்குத் தீவனம் போடுவார்.

கில்கென்னி மாவட்டத்தில் பாலிஹேல் என்று ஒரு குக்கிராமம். அகில அயர்லாந்து கழக ஹர்லிங் பட்டத்தை ஒன்பது முறை வென்ற ஊர்! மாவட்ட அணிக்காகப் பத்துப் பட்டங்கள் வென்ற ஹென்றி ஷெஃப்லினும் அந்த ஊர்ப் பிள்ளைதான். பணத்தை வீசி வெளியூர் ஆளை இறக்கியிருந்தால் இதில் என்ன ருசி?

ஆட்டம் இல்லாத நாளிலும் கழகத்துக்கு வேலை உண்டு. ஊரில் ஒரு சாவு விழுந்தால், பளிச்சென்ற மேலங்கி மாட்டிக்கொண்டு சாலையில் நின்று கார்களை ஒழுங்குபடுத்துவது கழகத்து ஆட்கள்தான். இறந்தவர் பழைய ஆட்டக்காரர் என்றால், சவப்பெட்டியின் மேல் கழகச் சட்டையை விரிப்பார்கள். இளைஞர்கள் இருபுறமும் வரிசையாக நிற்பார்கள். கொரோனா முடக்கத்தில் முதியவர்களின் வீட்டு வாசலுக்கு மளிகைச் சாமானும் மருந்தும் கொண்டுபோனதும் இதே ஆட்கள்தான்.

சரி, சிக்கல் எங்கே? ஆளை விலைக்கு வாங்க முடியாது என்றால், ஊரில் பிள்ளைகள் இருந்தாக வேண்டும். படித்த பிள்ளைகள் டப்ளினுக்கும் சிட்னிக்கும் போய்விடுகிறார்கள். ஓர் அணிக்கு வேண்டிய 15 பேரைத் திரட்ட முடியாமல், தலைமுறை தலைமுறையாக முறைத்துக்கொண்டிருந்த பக்கத்துப் பங்குகள் சிறுவர் அணிகளையாவது ஒன்றாகச் சேர்க்கின்றன. பாட்டன்மார் இதைக் கண்டிருந்தால் மட்டையைத் தூக்கியிருப்பார்கள்! அதனால்தான் இன்று கழகக்காரர்கள் பயிற்சியைப் பற்றிப் பேசுகிற அதே மூச்சில், சொந்த ஊரில் வீடு கட்ட இளைஞர்களுக்கு அனுமதி கேட்டும் வாதாடுகிறார்கள்.