ஒரு துளிக்குள் எவ்வளவு மருந்து?

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருப்பது 10 மில்லி கிராம்பு எண்ணெய். மூடியை இப்போதுதான் திறந்தேன், அதற்குள் அறை முழுக்க வாசம். இந்த மாதிரி நறுமண எண்ணெய்களைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் பொறுமையாகப் பேசலாம்.

பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைத்தால் மரத்துப்போகும், இல்லையா? அந்த வேலையைச் செய்வது யூஜெனால். இந்த எண்ணெயில் பெரும்பங்கு அதுதான். பல் மருத்துவர்களே யூஜெனாலைத் துத்தநாக ஆக்சைடு பொடியோடு குழைத்து, தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வலி அடங்கினாலும் சொத்தை அப்படியேதான் இருக்கும். மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்த பெப்பர்மின்ட் எண்ணெய். நெற்றியில் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அது எப்படித் தெரியுமா? அதிலுள்ள மென்தால், குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகிறது. மூளை அதைக் குளிர் என்றே எடுத்துக்கொள்கிறது. மூக்கடைப்புக்கு முகரும்போதும் இதே கதைதான். காற்று தாராளமாகப் போவதுபோல் தோன்றும், உள்ளே வீக்கம் வற்றியிருக்காது. அந்த ஆறுதலை நான் குறைத்துச் சொல்லவில்லை. மூக்கடைத்துத் தூக்கம் வராத இரவில் அதுவே பெரிய விஷயம். இதே எண்ணெயை, குடலுக்குப் போனபிறகே கரையும் கேப்ஸ்யூலாகச் சாப்பிட்டால் குடல் தசையின் இறுக்கம் தளர்கிறது. ஐபிஎஸ் என்கிற குடல் கோளாறில் வரும் வயிற்றுப் பிடிப்புக்கு மருத்துவர்கள் இதைக் கொடுப்பதுண்டு.

சரி, டீ ட்ரீ எண்ணெய்க்கு வருவோம். ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது இது. 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லும், பருவுக்கு வழக்கமாகப் பூசும் மருந்தான 5 சதவீத பென்சாயில் பெராக்சைடும் இரண்டுமே பருக்களைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, பக்கவிளைவு குறைவாக இருந்தது. அந்த 5 சதவீதத்தைக் கவனியுங்கள். நான் கவனிக்கவில்லை. எதிலும் கலக்காமல் அப்படியே பருவின் மேல் வைத்தேன். கன்னம் சிவந்து, தோல் உரிந்து, ஆற ஒரு வாரம் ஆனது. இப்போதெல்லாம் 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 12 துளிக்கு மேல் எதையும் கலப்பதில்லை. அது ஏறக்குறைய 2 சதவீதம். முகத்துக்கு என்றால் அதிலும் பாதிதான். ரொம்ப நாள் திறந்து கிடந்த பாட்டிலையும் தோலில் தடவாதீர்கள். காற்றுப்பட்டுக் கெட்ட எண்ணெயில் ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம்.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். வலித் தைலங்களில் சேர்க்கிற வின்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூன் அளவில், சாதாரண ஆஸ்பிரின் மாத்திரை இருபதில் இருக்கும் அளவுக்கு அதே வகை மருந்து இருக்கிறது. விழுங்கினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூர எண்ணெயும் கொஞ்சம் விழுங்கினாலே குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம்.

வீட்டில் குழந்தை இருந்தால் வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டு, பாட்டில்களை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். தப்பித்தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடலாம். அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.