மானிடவியல் முனைவர் படிப்பு: அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு

வணக்கம் நேயர்களே.

எம்.ஏ. இறுதியாண்டில் இருப்பவர்களும், படிப்பை முடித்து ஓர் ஆய்வுத் திட்டத்திலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை பார்ப்பவர்களும் இந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்களில் யாருக்காவது அமெரிக்காவில் மானிடவியலில் முனைவர் பட்டம் செய்யும் எண்ணம் இருந்தால், இந்த உரை உங்களுக்கானது.

பொறியியலுக்கும் எம்.பி.ஏ.வுக்கும் வழிகாட்ட ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். மதிப்பெண், ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வு, பல்கலைக்கழகத்தின் தரவரிசை என்று அவர்கள் போடும் கணக்கு மானிடவியலுக்குப் பொருந்தாது. பல மானிடவியல் துறைகள் ஜி.ஆர்.இ.யைக் கைவிட்டுவிட்டன. உங்கள் விண்ணப்பத்தைப் படித்து முடிவு செய்பவர்கள் அந்தத் துறையின் ஆசிரியர்களேதான். ஒரு துறை ஓர் ஆண்டில் எடுப்பது சில பேரை மட்டுமே. எடுத்தவருடன் ஆறேழு ஆண்டுகள் அவர்கள் பழக வேண்டும். அதனால் அவர்கள் முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்களை. இவர் கையில் இருக்கும் கேள்வி என்ன? அந்தக் கேள்விக்கு வழிகாட்ட எங்களிடம் ஆள் இருக்கிறதா? நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு தாளும் இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் துறையின் அமைப்பு. அமெரிக்காவில், அங்கே இந்தத் துறைக்கு அடித்தளமிட்ட ஃபிரான்ஸ் போவாஸ் காலத்திலிருந்து மானிடவியல் என்றால் நான்கு பிரிவுகள்: சமூக-பண்பாட்டு மானிடவியல், தொல்லியல், உயிரியல் மானிடவியல், மொழியியல் மானிடவியல். நம் ஊரில் தொல்லியல் பெரும்பாலும் தனித் துறை. அங்கே அது பல இடங்களில் மானிடவியலுக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பிரிவு என்று விண்ணப்பப் படிவத்திலேயே கேட்பார்கள். எல்லாத் துறைகளிலும் நான்கும் இருக்காது என்பதையும் கவனியுங்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் பண்பாட்டு மானிடவியல் ஒரு துறை, பரிணாம மானிடவியல் வேறொரு துறை. ஹார்வர்டில் மனிதப் பரிணாம உயிரியல் தனியாகப் பிரிந்துவிட்டது. எலும்பும் மரபணுவும் படிக்க நினைப்பவர் பண்பாட்டு மானிடவியல் துறைக்கு விண்ணப்பித்தால், கட்டணம்தான் போகும்.

துறையைத் தேர்ந்தெடுக்க, ஆசிரியர் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். ஓய்வுபெற்றவரா, விடுப்பில் இருக்கிறாரா, வரும் ஆண்டில் மாணவர் எடுக்கிறாரா என்று பாருங்கள். நீங்கள் எம்.ஏ.வில் விரும்பிப் படித்த புத்தகத்தை எழுதியவர் இருபது ஆண்டுக்கு முன்பே அந்த ஆய்வை விட்டு வேறு பக்கம் போயிருக்கலாம். அவருடைய கடைசி மூன்று கட்டுரைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். துறையில் அண்மையில் முடிந்த முனைவர் ஆய்வேடுகளின் தலைப்புகளையும் பாருங்கள். அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. நிதி நெருக்கடியால் சில துறைகள் சில ஆண்டுகளில் மாணவர்களை எடுக்காமலே விடுவதும் உண்டு. அந்த அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டையோ இலங்கையையோ பற்றி ஆய்வு செய்பவர்களுக்கு, சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா போல் தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களில் ஒரு வசதி உண்டு. தமிழ் நூல்கள் நூலகத்திலேயே இருக்கும், உங்கள் கட்டுரையைப் படித்துக் குறை சொல்லத் தெரிந்தவர்களும் இருப்பார்கள்.

ஆசிரியர்களுக்கு ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் இடையில் மின்னஞ்சல் எழுதுங்கள். இருநூறு சொற்களுக்குள் முடியட்டும்: யார் நீங்கள், உங்கள் கேள்வி என்ன, அவருடைய எந்த ஆய்வோடு அது சேர்கிறது, இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா. மதிப்பெண் பட்டியலை இணைக்க வேண்டாம். பதில் வராவிட்டால் மனம் தளர வேண்டியதில்லை. அங்கே தனி ஒருவர் முடிவு செய்வதில்லை, குழுதான் முடிவு செய்கிறது. பிரிட்டன் இதற்கு நேர் எதிர். அங்கே முனைவர் படிப்புக்கு வழிகாட்டியின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும், விரிவான ஆய்வுத் திட்டமும் வேண்டும்.

இனி நோக்க உரை. எஸ்.ஓ.பி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சுமார் ஆயிரம் சொற்கள், இரண்டு பக்கம். நம் மாணவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். "சிறுவயதிலிருந்தே மனிதர்களைக் கவனிப்பதில் எனக்கு ஆர்வம்" என்று தொடங்கினால் ஐம்பது சொற்கள் வீணாகின்றன. அடுத்த தவறு, தலைப்பைக் கேள்வி என்று நினைத்துக்கொள்வது. "தமிழ்நாட்டில் உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கை" என்பது தலைப்பு. அதை எப்படிக் கேள்வி ஆக்குவது? வேதாரண்யத்தில் மழைக்காலம் வந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் வாங்கும் முன்பணம், அடுத்த பருவத்தில் யாரிடம் வேலை செய்வது என்பதை எப்படித் தீர்மானிக்கிறது? அதைக் கடன் என்கிறார்களா, உரிமை என்கிறார்களா, உதவி என்கிறார்களா? கணவர் வாங்கிய பணத்துக்கு மனைவியின் உழைப்பும் கணக்கில் சேருமா? இப்படிக் கேட்டால், எங்கே போய் உட்கார வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்று படிப்பவருக்கே தெரிந்துவிடும். கடன், உழைப்பு, குடும்பம் பற்றி மானிடவியலில் நடக்கும் விவாதங்களோடு இரண்டு வரியில் அதை இணையுங்கள். பெரிய கோட்பாட்டாளர்களின் பெயர்களை அடுக்க வேண்டாம்.

அடுத்து, செய்த களப்பணியை அளவோடு சொல்லுங்கள்: எத்தனை மாதம், எந்த ஊர், எத்தனை பேரிடம் பேசினீர்கள், எது புரியாமல் திரும்பினீர்கள். அந்தக் கடைசி விஷயத்தை மறைக்கத் தோன்றும், மறைக்காதீர்கள். புரியாமல் போன இடத்திலிருந்துதான் முனைவர் ஆய்வு பிறக்கிறது. "நான் தமிழன், தமிழரைப் பற்றி எனக்குத் தெரியும்" என்ற தொனி உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். மொழி உங்கள் பலம்தான். ஆனால் அந்த ஊரில் உங்கள் சாதி, படிப்பு, ஆணா பெண்ணா என்பது எந்தக் கதவைத் திறக்கும், எதை அடைக்கும் என்று யோசித்திருப்பதே ஆய்வாளரின் அடையாளம். கடைசிப் பத்தியில் இரண்டு மூன்று ஆசிரியர்களின் பெயர், ஒவ்வொருவருக்கும் ஒரு வரிக் காரணம். பத்துப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே பத்தியை அனுப்பிப் பெயரை மாற்ற மறந்தவர்கள் உண்டு. அந்த விண்ணப்பம் அதோடு முடிந்தது.

எழுத்து மாதிரி பதினைந்து முதல் இருபத்தைந்து பக்கம். எம்.ஏ. ஆய்வேட்டில் களத் தரவு நிறைந்த ஓர் இயலை எடுங்கள், முன்னுரையை எடுக்காதீர்கள். முழு ஆய்வேட்டில் அது எங்கே வருகிறது என்று மேலே அரைப் பக்கக் குறிப்பு வையுங்கள். ஆய்வேடு தமிழில் இருந்தால், ஓர் இயலை நீங்களே ஆங்கிலத்தில் எழுதி, அதையும் குறிப்பில் சொல்லிவிடலாம்.

பரிந்துரைக் கடிதங்கள் மூன்று. "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் வழக்கம் இங்கே இருக்கிறது. அது நேர்மையும் இல்லை, பயனும் இல்லை. மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்ற கடிதத்தால் ஒன்றும் ஆகாது. உங்கள் எந்தக் கட்டுரையில் எந்த வாதம் நன்றாக வந்தது என்று ஆசிரியர் எழுத வேண்டும். அதற்கு அவருக்கு ஒரு பக்கக் குறிப்பு, உங்கள் கட்டுரை, நோக்க உரை, கடைசித் தேதிப் பட்டியல் எல்லாவற்றையும் ஆறு வாரம் முன்பே கொடுங்கள். கடிதம் அனுப்பும் முகவரி முடிந்தவரை பல்கலைக்கழக மின்னஞ்சலாக இருக்கட்டும். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவம் கேட்கும். ஆம் என்று குறியுங்கள். இல்லையென்றால் கடிதத்தின் மதிப்புக் குறைந்துவிடும்.

மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். நம்மிடம் 60 விழுக்காடு முதல் வகுப்பு என்பது பல பட்டியல்களில் அங்கேதான் அச்சாகியிருக்கும். அது தெரியாதவருக்கு 62 என்பது தோல்வியை ஒட்டிய மதிப்பெண்ணாகத் தெரியும். நீங்களாகவே அதை அமெரிக்காவின் நான்கு புள்ளி மதிப்பெண் கணக்குக்கு மாற்றவும் வேண்டாம்.

இனிச் சொல்வது தமிழர்களுக்கு அதிகம் வரும் தொல்லை: பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதிய இன்னொரு வடிவம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்றெழுத்து வரும்; முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. வங்கிக் கணக்கிலிருந்து சம்பளப் பட்டியல் வரை அது பின்தொடரும். எந்தத் தேர்வுக்கும் பதிவு செய்யும் முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்து மறுவெளியீடு வாங்கிவிடுங்கள். அதன்பின் எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர்.

ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும். 2026 ஜனவரியிலிருந்து டோஃபல் 1 முதல் 6 வரையிலான அளவுக்கு மாறிவிட்டது; பல்கலைக்கழகப் பக்கத்தில் 120-க்கு 100 என்ற பழைய கணக்கு இருந்தால் குழம்ப வேண்டாம். ஆங்கில வழியில் படித்தவர்களுக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு, கேட்டுப் பாருங்கள்.

விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர் வரை. ஆறிலிருந்து எட்டுத் துறைகள் போதும். கட்டண விலக்கு சில இடங்களில் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே. நவம்பரிலேயே எழுதிக் கேளுங்கள். கடைசித் தேதிகள் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடு வரை. கிழக்குக் கரை நேரம் இரவு 11.59 என்றால் இங்கே மறுநாள் காலை 10.29. அந்தக் காலைப் பொழுது வரை காத்திருக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன்: நிதி இல்லாத முனைவர் இடத்தை ஏற்காதீர்கள். கல்விக் கட்டண விலக்கு, உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு மூன்றும் அழைப்புக் கடிதத்தில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு, ஆண்டில் ஒன்பது மாதமா பன்னிரண்டா என்று பாருங்கள். "முனைவர் படிப்புக்கு இடமில்லை, ஓராண்டு முதுகலைக்கு வாருங்கள்" என்று பதில் வந்தால், பெரும்பாலும் செலவு உங்களுடையதுதான். கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிமாநிலத்தவருக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. அமெரிக்க மாணவர் அங்கேயே குடியிருந்து அதிலிருந்து விடுபடலாம். மாணவர் விசாவில் வந்தவருக்கு அந்த வழி இல்லை. துறைகள் வெளிநாட்டவரைக் குறைவாக எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் தகுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. களப்பணிக்கு வென்னர்-கிரென் அறக்கட்டளையின் நிதி எந்த நாட்டவருக்கும் திறந்திருக்கிறது. ஃபுல்பிரைட்-ஹேஸ் ஆய்வேட்டு நிதி அமெரிக்கர்களுக்கும் அங்கே நிரந்தர வாழுரிமை பெற்றவர்களுக்கும் மட்டும்.

முடிவுகள் பிப்ரவரி, மார்ச்சில் வரும். நிதியோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாக அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அவசரப்படுத்தினால் இதைப் பணிவாக நினைவூட்டலாம். இடத்தை ஏற்றபின், மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். அதன்பின், வெளிநாட்டு மாணவர் பதிவு முறையான செவிஸுக்குக் கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர். சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரக நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மானிடவியல் என்றால் என்ன, உங்கள் செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்டால் இரண்டிரண்டு வாக்கியங்களில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். நிதிக் கடிதம் கோப்பின் மேல் தாளாக இருக்கட்டும்.

நன்றி. வணக்கம்.