கரண்டு தரும் மலைக்கு ஒரு விழுக்காடு

(நீலகிரி மலையிலுள்ள மஞ்சூரின் ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, மழையோடு மழையாகக் கோத்தகிரியிலிருந்து வந்து சேர்ந்த முன்னாள் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, சுற்று வட்டார ஊர்த் தலைவர்களே, தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கும் தோழர்களே, சுவரோரம் நிற்கும் தம்பிகளே (முன்வரிசை காலிதான், கூச்சப்படாமல் வாருங்கள்), அனைவருக்கும் வணக்கம். பொன்னாடையைக் கழற்றாமல் பேசுகிறேன். பெருமைக்காக அல்ல, குளிருக்காக. விட்டுப்போன பெரியவர்கள் கோபிக்க வேண்டாம். போன ஆண்டு வரவேற்புரையில் ஒரு பெயர் விடுபட்ட வழக்கு இன்னும் டீக்கடையில் நடந்துகொண்டிருக்கிறது.

'எரிபொருள் விலையும் அரசுக் கஜானாவும்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்கிறேன்: பெட்ரோல் டீசல், மின்வாரியக் கடன், உரம். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார் என் அம்மா. இன்று அதை அடிக்கடி சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. டாலரில் பணம் கட்ட வேண்டும். விலை ஏறினால் டாலர் கூடுதலாக வேண்டும். அதனால் ரூபாய் இறங்கும். ரூபாய் இறங்கினால் அதே பீப்பாய்க்கு இன்னும் அதிகம் கொடுக்க வேண்டும். 1990இல் வளைகுடாவில் சண்டை மூண்டபோது, ஏற்கெனவே கடனில் இருந்த நம் நாடு இதில் மாட்டியது. 1991இல் சில வார இறக்குமதிக்குத்தான் டாலர் மிச்சம். தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தார்கள்.

அதற்கு முன்பே ஒரு அடி விழுந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் பீப்பாய் 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது. அந்தச் சமயம் எங்கள் பெரியப்பாவிடம் ஒரு பழைய அம்பாசிடர். மனிதர் சிக்கனத்துக்குப் பேர்போனவர். பெட்ரோல் விலையைக் கேட்டதும் ஒரு திட்டம் போட்டார்: குன்னூரில் எஞ்சினை அணைத்துவிட்டு, மேட்டுப்பாளையம் வரை வண்டியைச் சும்மா உருட்டிக்கொண்டு போவது! காரமடையில் கல்யாணம். உள்ளே பெரியம்மா, இரண்டு அத்தைகள், ஒரு பலாப்பழம், நான். காட்டேரி தாண்டும்வரை பெரியப்பா பாட்டுப் பாடினார். பர்லியார் வந்ததும் பாட்டு நின்றது. கருகிய வாடை. 'பலாப்பழம்தான் வாடை அடிக்கிறது' என்றார். 'பழம் எப்போதுங்க புகைந்தது?' என்றார் பெரியம்மா. கல்லாறு பக்கம் வண்டி கல்லில் முட்டி நின்றது. நாங்கள் பஸ் பிடித்தோம். பந்தி முடிந்த இலையைத்தான் பார்த்தோம். மிச்சமானது கொஞ்சம் பெட்ரோல். பிரேக் வேலைக்கு மெக்கானிக் கேட்ட தொகையில் ஒரு மாதத்துக்கு பெட்ரோல் போட்டிருக்கலாம்.

சிரிக்கிறீர்கள். அரசாங்கமும் இதைத்தான் செய்தது! விலையை ஏற்றாமல் இருக்க, 2005 முதல் 2010 வரை எண்ணெய் நிறுவனங்களுக்கு ரொக்கத்துக்குப் பதில் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கணக்கு 2026 வரை நீண்டது. பத்திரம் இல்லையென்றால் வரியைக் குறைக்க வேண்டும். 2022 மே மாதம் பெட்ரோலுக்கு 8, டீசலுக்கு 6 ரூபாய் குறைத்தபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் கோடி வருவாய் போகும் என்று நிதியமைச்சரே சொன்னார். யார் ஆட்சியானாலும் பில் எங்கோ வந்து நிற்கிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

மின்வாரியம்? வாங்கும் நிலக்கரிக்கும் வாங்கும் மின்சாரத்துக்கும் கொடுக்கும் விலை, வசூலாகும் கட்டணத்தில் அடங்குவதில்லை. இடைவெளி கடனாகிறது. மின்வாரியங்களைக் கடனிலிருந்து மீட்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் 2017இல் சேர்ந்தபோது, வாரியத்தின் கடனில் 22,815 கோடியைத் தமிழ்நாடு அரசே தலையில் ஏற்றுக்கொண்டது. அதுவும் நம் வரிப்பணம்தான்.

சரி, இதற்கும் மஞ்சூருக்கும் என்ன? இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. நிலக்கரி வேண்டாம், டாலர் வேண்டாம், மழை பெய்தால் போதும் என்று ஓடுகிற மின்சாரம் இந்த மலையில் பிறக்கிறது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம். அந்தக் கரண்டில்தான் கோயம்புத்தூர் மில்கள் வளர்ந்தன. அப்புறம் கனடா உதவியோடு குந்தா நீர்மின் திட்டம். இப்போது போர்த்திமந்து அணைக்கும் அவலாஞ்சி எமரால்டு அணைகளுக்கும் நடுவே, தண்ணீரை மேலே ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்கிக் கரண்டு எடுக்கும் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம். அணைக்கு நிலம் தந்தது மலை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, சரிந்ததும் இந்த மலைதான். காற்றடித்தால் கரண்டு போவது முதலில் எந்த ஊரில்? கை தூக்குங்கள்... பார்த்தீர்களா தலைவரே!

2008ஆம் ஆண்டு மத்திய நீர்மின் கொள்கை, திட்டம் அமையும் மாநிலத்துக்கு 12 விழுக்காடு மின்சாரத்தை இலவசமாகவும், அதற்கு மேல் 1 விழுக்காட்டை உள்ளூர் வளர்ச்சி நிதிக்கும் ஒதுக்கச் சொன்னது. நம்முடையவை பழைய திட்டங்கள், மாநில வாரியமே நடத்துபவை, அதனால் பொருந்தாது என்பார்கள். பொருந்தாவிட்டால் புது விதி எழுதட்டும். நாம் பன்னிரண்டு கேட்கவில்லை, ஒன்று கேட்கிறோம். சரிவுகளுக்குத் தடுப்புச் சுவர், நல்ல சாலை, விறகை விழுங்கும் தேயிலை உலர்த்தும் அடுப்புகளுக்கு மாற்று, இவற்றுக்கு அந்தப் பணம். கடனிலிருக்கும் வாரியத்திடமா கேட்கிறாய் என்றால், ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதில் ஆற்றுக்காரனின் பங்கையும் அளக்க வேண்டாமா?

உரத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, செயலாளர் மணி அடித்துவிட்டார். வாசல் மேசையில் கையெழுத்துத் தாள் இருக்கிறது. பேரும் ஊரும் தெளிவாக எழுதுங்கள். ஊட்டி பஸ்ஸைப் பிடிப்பவர்கள் முதலில் போடட்டும். வணக்கம்.